அவசரத்துக்கு ஒரு வழி, ஆறுதலுக்கு ஒரு வழி: மென்பொருள் விருத்தி முறைகள் – ஓர் ஒப்பீடு

கைத்தொலைபேசி தொடக்கம் வங்கியின் பணப்பொறி வரை இன்று எம்மைச் சூழவுள்ள பல பொருட்களை இயக்குவது மென்பொருள் ஆகும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவிகள் மென்பொருளை விருத்தி செய்யும் முறைகளைப் பாடத்தில் சந்திக்கிறார்கள். நீர்வீழ்ச்சி மாதிரி, மூலவகை மாதிரி, சுருளி மாதிரி, அஜைல் என்று பெயர்கள் வருகின்றன. ஒவ்வொன்றின் கீழும் சில அனுகூலங்கள், சில பிரதிகூலங்கள் என்று மனனம் செய்து பரீட்சையும் எழுதிவிடலாம். ஆனால், "இவற்றில் எது நல்லது?" என்று வீட்டில் வாப்பாவோ உம்மாவோ கேட்டால், மனனம் செய்த பட்டியல் பதில் சொல்லாது.

அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. விடை தேடுவதற்குத் தூர தேசம் போகத் தேவையில்லை. எமது மாவட்டம் மறக்க முடியாத ஓர் அனர்த்தத்தின் பின்னர் எமது நாட்டிலேயே பிறந்த மென்பொருள் ஒன்று இதற்குச் சரியான பாடமாக அமைகின்றது. முதலில் முறைகளைப் பார்த்துவிட்டு அதற்கு வருவோம்.

எல்லா முறைகளுக்கும் பொதுவான வேலைகள்

எந்த முறையைக் கையாண்டாலும் செய்யவேண்டிய வேலைகள் ஏறக்குறைய ஒன்றே. பாவனையாளருக்கு என்ன தேவை என்று இனங்காண வேண்டும். அதற்கேற்ப முறைமையை வடிவமைக்க வேண்டும். கணினி மொழியில் எழுத வேண்டும். எழுதியதைச் சோதிக்க வேண்டும். பாவனைக்குக் கொடுக்க வேண்டும். அதன் பின் பிழை திருத்திப் பராமரிக்க வேண்டும். முறைகளுக்கிடையிலான வேறுபாடு, இவ்வேலைகளை எந்த ஒழுங்கில், எத்தனை தடவை செய்கிறோம் என்பதிலேயே தங்கியுள்ளது.

விளங்கிக்கொள்வதற்கு ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அன்புவழிபுரத்திலுள்ள ஒரு பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் இரவல் கொடுக்கும் மென்பொருள் ஒன்று தேவைப்படுகிறது. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதை அது பதிய வேண்டும். இதே வேலையை ஒவ்வொரு முறையும் எப்படிச் செய்யும் என்று பார்ப்போம்.

நீர்வீழ்ச்சி மாதிரி

அருவியில் விழும் நீர் மேலே திரும்பாது. அதுபோல் ஒரு படிமுறையை முற்றாக முடித்து, எழுத்தில் பதிந்து, ஒப்பம் பெற்ற பின்னரே அடுத்த படிக்கு இறங்குவது இம்மாதிரி. எமது நூலக உதாரணத்தில், நூலகரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டுத் தேவைகள் அனைத்தும் முதலில் எழுதப்படும். அடுத்து முழு வடிவமைப்பு. அதன் பின்னரே முதல் வரி எழுதப்படும். நூலகர் மென்பொருளைக் கண்ணால் காண்பது இறுதியில்தான்.

இது பொறியியல் வேலைகளில் ஊறிய வழி. 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 396 மீற்றர் நீளமான அப்பாலத்தைப் பாதி கட்டி, "ஒருமுறை போய்வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் மாற்றுகிறோம்" என்று சொல்ல முடியாது. தூண் எங்கே, எவ்வளவு ஆழம், எவ்வளவு பாரம் என்பன எல்லாம் முதலிலேயே முடிவாக வேண்டும்.

அனுகூலங்கள்: எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பது தெளிவு. செலவையும் காலத்தையும் முன்கூட்டியே மதிப்பிடலாம். எல்லாம் எழுத்தில் இருப்பதால் ஒருவர் விலகினாலும் மற்றவர் தொடரலாம். பிழை விட்டால் உயிர் போகும் வேலைகளுக்கு இத்தகைய கட்டுப்பாடு அவசியம். அமெரிக்காவின் விண்வெளி ஓடத்துக்கான மென்பொருளை எழுதிய குழு, ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் கடதாசியில் முழுமையாக எழுதி, ஆராய்ந்து, ஒப்புதல் பெற்ற பின்னரே கணினியில் கைவைத்தது. 4 இலட்சத்து 20 ஆயிரம் வரிகள் கொண்ட அம்மென்பொருளின் அடுத்தடுத்த மூன்று பதிப்புகளில் பதிப்புக்கு ஒரு பிழை வீதமே காணப்பட்டதாக 1996 இல் எழுதப்பட்டது.

பிரதிகூலங்கள்: தேவைகள் முதலிலேயே முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான மனிதர்களுக்குத் தமக்கு என்ன வேண்டும் என்பது, ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும்வரை தெரிவதில்லை. முதற்படியில் விட்ட பிழை கடைசிப் படியான சோதனையில்தான் வெளிப்படும். அப்போது திருத்துவதென்றால் அத்திவாரத்தை உடைப்பது போலாகும்.

இம்மாதிரியை விளக்கும் போது 1970 இல் வின்ஸ்டன் ரோய்ஸ் எழுதிய கட்டுரையைக் குறிப்பிடுவது வழக்கம். ஆனால், பலர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. படிமுறைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து காட்டிய அவர், அதை அப்படியே நடைமுறைப்படுத்துவது ஆபத்தானது என்றும் அதே கட்டுரையில் எச்சரித்தார். முதலில் ஒரு சிறிய மாதிரியைச் செய்து பார்க்குமாறும், பாவனையாளரை இடையிடையே சேர்த்துக்கொள்ளுமாறும் ஆலோசனை கூறினார். படத்தை எடுத்துக்கொண்ட உலகம் எச்சரிக்கையை விட்டுவிட்டது.

மூலவகை மாதிரி

பெருநாளைக்குத் தைக்கக் கொடுத்த சட்டையை முழுவதும் முடிக்கும் முன், ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லும் தையற்காரர் பிற்பாடு பிரித்துத் தைக்கும் வேலையிலிருந்து தப்பிக்கொள்கிறார். மூலவகை மாதிரியும் அவ்வாறானதே. நூலகருக்கு இரண்டு மூன்று திரைகள் மட்டும் செய்து காட்டப்படும். உள்ளே எதுவும் முழுமையாக வேலை செய்யாது. அவர் பார்த்துவிட்டு, "பிள்ளையின் பெயரை விட அனுமதி இலக்கத்தால் தேடுவதுதான் எனக்கு இலகு" என்பார். இந்த ஒரு வசனத்தை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவது பெரிய இலாபம்.

பிரதிகூலமும் இதற்குள்ளேயே இருக்கிறது. திரையைப் பார்த்தவர் வேலை முடிந்துவிட்டதென்று நினைத்து உடனே கேட்பார். விருத்தி செய்பவரும் அவசரத்தில், காட்டுவதற்காகச் செய்த அரைகுறையையே மெருகூட்டிக் கொடுத்துவிடுவார். நூலிழையால் பொருத்திய சட்டையைப் பெருநாளன்று உடுத்தினால் என்னவாகுமோ, அதுதான் அம்மென்பொருளுக்கும் ஆகும்.

சுருளி மாதிரி

பெரி போஹெம் என்ற அமெரிக்க அறிஞர் 1980களின் பிற்பகுதியில் முன்வைத்தது இம்மாதிரி. இதில் வேலை சுற்றுச் சுற்றாக நடைபெறும். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் கேட்கும் கேள்வி, "இந்த வேலை தோற்றுப் போவதென்றால் எதனால் தோற்கும்?" என்பது. அந்த ஆபத்தை முதலில் தீர்த்துவிட்டே அடுத்த சுற்றுக்குப் போகவேண்டும். பெரிய, செலவு கூடிய, ஆபத்து நிறைந்த செயற்றிட்டங்களுக்கு இது பொருந்தும். ஆனால், ஆபத்தைக் கணிக்க அனுபவசாலிகள் தேவை. செலவும் கூட. எமது நூலகத்துக்கு இதைக் கையாள்வது, சைக்கிளுக்கு லொறிச் சில்லுப் பூட்டுவது போன்றது.

படிப்படியான விருத்தியும் அஜைலும்

எமது பகுதிகளில் பலர் வீடு கட்டும் விதத்தைப் பாருங்கள். முதலில் ஓர் அறையும் குசினியும் கட்டிக் குடிபோவார்கள். வெளிநாட்டிலிருந்து காசு வந்ததும் இன்னோர் அறை. பிறகு விறாந்தை. வீடு முடியும் முன்னரே குடும்பம் அதில் வாழத் தொடங்கிவிடும். மென்பொருளையும் இப்படிப் பகுதி பகுதியாகக் கொடுப்பது படிப்படியான விருத்தி எனப்படும்.

இச்சிந்தனையின் தொடர்ச்சியே அஜைல். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருளாளர்கள் கூடி ஒரு சிறு பிரகடனத்தை வெளியிட்டனர். தடித்த ஆவணங்களை விட இயங்கும் மென்பொருளுக்கும், ஒப்பந்த வாசகங்களை விட வாடிக்கையாளருடன் சேர்ந்து வேலை செய்வதற்கும், திட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதை விட மாற்றத்துக்கு இடம்கொடுப்பதற்கும் கூடிய மதிப்பளிப்பதே அதன் சாரம். வேலை இரண்டு வாரம் அல்லது ஒரு மாதம் போன்ற குறுகிய சுற்றுகளாகப் பிரிக்கப்படும். சுற்று முடியும்போது இயங்கக்கூடிய ஏதோ ஒன்று பாவனையாளர் கையில் இருக்க வேண்டும். நூலகருக்கு முதற்சுற்றில் இரவல் பதிவு மட்டும். அடுத்ததில் தேடல். அதற்கடுத்ததில் பிந்தி வந்த புத்தகங்களின் பட்டியல்.

அனுகூலங்கள்: பயன் சீக்கிரம் கிடைக்கும். பிழை சீக்கிரம் தெரியும். தேவை மாறினால் வேலை நின்றுவிடாது. பிரதிகூலங்கள்: மொத்தச் செலவையும் முடிவுத் திகதியையும் முன்கூட்டிச் சொல்வது கடினம். பாவனையாளர் தொடர்ந்து நேரம் ஒதுக்க வேண்டும். பாடசாலை நூலகருக்கு அது எப்போதும் இயலாது. ஆவணங்கள் குறைவதால் பிற்காலத்தில் வருபவர் தடுமாறுவார். முழு வீட்டின் படமும் இல்லாமல் அறை அறையாகக் கட்டினால் கடைசியில் மாடிப்படிக்கு இடமில்லாமல் போவது போல, மென்பொருளின் உள்கட்டமைப்பும் சிக்கலாகலாம்.

ஒரே நிறுவனம் இரு வழிகளையும் அனுபவித்த உதாரணம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் எப்.பி.ஐ. புலனாய்வுத் துறை தனது வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்க முயன்றது. தேவைகள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதப்பட்டன. எழுதிய பின்னும் மாறிக்கொண்டேயிருந்தன. ஏறத்தாழ 170 மில்லியன் டொலர் செலவான பின் 2005 இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அடுத்துத் தொடங்கிய 'சென்டினல்' என்ற திட்டமும் தாமதமாகவே, 2010 இல் எப்.பி.ஐ. அதைத் தன் கையில் எடுத்து, சிறிய குழுவுடன் அஜைல் முறையில் தொடர்ந்தது. 2012 இல் அது பாவனைக்கு வந்தது.

இதைக் கேட்டதும் "அப்படியானால் அஜைல்தான் சிறந்தது" என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். எமது நாட்டு உதாரணம் இன்னும் நுணுக்கமான பாடத்தைத் தருகிறது.

சஹானா: அனர்த்தத்தில் பிறந்த மென்பொருள்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி எமது கரையோரத்தைத் தாக்கியது. இலங்கையில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. எமது மாவட்டத்தில் கிண்ணியாவும் மூதூரும் பட்ட துயரத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கிண்ணியா வைத்தியசாலையே அழிந்து போனது. இந்த ஆக்கத்தை வாசிக்கும் மாணவிகளில் எவரும் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டில் அந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

அனர்த்தம் நடந்த கையோடு உணவும் உடையும் மருந்தும் பல திசைகளிலிருந்து வந்தன. ஆனால், யார் எந்த முகாமில் இருக்கிறார், எந்த முகாமுக்கு எது போதவில்லை, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்பதை ஒரே இடத்தில் அறிய வழியிருக்கவில்லை. ஒரு முகாமில் உடுப்பு மலையாய்க் குவிந்திருக்க, இன்னொன்றில் பால்மா இல்லாத நிலை வரலாம். தகவல் பற்றாக்குறையும் பசியை உண்டாக்கும்.

இதற்குத் தீர்வாக இலங்கையின் கணினித் துறையினர் தொண்டர்களாகத் திரண்டு ஒரு மென்பொருளை உருவாக்கினர். லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்பு இதில் முன்னின்றது. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் 'சஹானா' என்ற பெயர் சூட்டப்பட்டது. காணாமற் போனோர் பதிவேடு, நிவாரண அமைப்புகளின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவிக் கோரிக்கைகளைக் கையாளும் பகுதி என்பன அதில் இருந்தன. சுனாமிக்குப் பின் அரசாங்கம் அமைத்த தேசிய செயற்பாட்டு மையமும் அதைப் பயன்படுத்தியது. இவை யாவும் சில வாரங்களுக்குள் நடந்தன.

இப்போது எமது கேள்விக்கு வருவோம். அந்நேரம் நீர்வீழ்ச்சி மாதிரியைப் பின்பற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தேவைகளை எழுதி ஒப்பம் பெறவே மாதங்கள் போயிருக்கும். முகாம்கள் கலைந்த பிறகு மென்பொருள் வந்திருக்கும். தேவைகளை முழுமையாகச் சொல்லக்கூடிய எவரும் நாட்டில் இருக்கவுமில்லை. அப்படி ஒரு பேரலையை எவரும் முன்பு கண்டதில்லை. ஒரு சிறு விடயத்தைப் பாருங்கள். முகம்மது, முகமது, மொஹமட் என்று ஒரே பெயர் பலவிதமாக எழுதப்படுவது எமக்குத் தெரியும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது வேறுபாடு இன்னும் கூடும். அலுவலகத்தில் குந்தியிருந்து தேவைகளை எழுதுபவருக்கு இது நினைவுக்கு வராமல் போகலாம். ஒரு தாய் தன் மகனின் பெயரைச் சொல்லித் தேடும்போது, பதிவேட்டில் இருந்தும் அவன் பெயர் அகப்படாவிட்டால்தான் அத்தேவை தெரியவரும். எனவே சிறிது செய்வது, பாவிக்கக் கொடுப்பது, குறை கேட்பது, திருத்துவது என்ற வழியே அங்கு பொருந்தியது. அஜைல் என்ற பெயரைச் சூட்டாவிட்டாலும் அதன் உயிர் அங்கே இருந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. அவசரத்தில் எழுதிய அம்மென்பொருள் அந்தச் சுனாமிக்கும் அந்தச் சூழலுக்கும் என்றே எழுதப்பட்டிருந்தது. வேறொரு நாட்டில், வேறோர் அனர்த்தத்தில் பயன்படுத்துவதென்றால் அது போதாது. அதனால் சுவீடன் நாட்டு அபிவிருத்தி உதவி நிறுவனத்தின் நிதியுடன் இரண்டாம் கட்டம் தொடங்கியது. மென்பொருள் ஏறக்குறைய முற்றாக, ஆரம்பத்திலிருந்தே மீண்டும் எழுதப்பட்டது. புதிய பகுதிகளைக் கழற்றிப் பூட்டக்கூடியவாறு உள்கட்டமைப்பு ஆறுதலாகத் திட்டமிடப்பட்டது. 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூமியதிர்ச்சியிலும் சஹானா உதவியது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மைத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

ஆக, ஒரே மென்பொருள் இரு காலங்களில் இரு வழிகளை வேண்டி நின்றது. முதலாவது காலத்தில் தாமதமே பெரிய நட்டம். இரண்டாவது காலத்தில் உறுதியற்ற அத்திவாரமே பெரிய நட்டம். முதற்கட்டத்தை மீண்டும் எழுதவேண்டி வந்தது அதன் தோல்வியல்ல. அவசரத்துக்குக் கொடுத்த விலை. அந்த விலை கொடுக்கத் தகுந்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அவசர வேலைக்குள்ளும் அவசரப்படக் கூடாத பகுதிகள் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் விபரம் யார் கண்ணுக்கும் படும்படி இருந்தால் அது ஆபத்து. உயிருடன் இருப்பவரை இல்லையென்று காட்டும் ஒரு பிழையான பதிவு, ஒரு குடும்பத்தையே உடைத்துவிடும். முகாமுக்கு அனுப்பும் பாயின் எண்ணிக்கை பிழைத்தால் நாளை திருத்தலாம். இவற்றை அப்படித் திருத்த முடியாது. ஒரே செயற்றிட்டத்துக்குள்ளேயே ஒரு பகுதியை விரைவாகவும் மற்றொன்றை நிதானமாகவும் செய்யத் தெரிவதே தேர்ச்சி.

எப்படித் தெரிவு செய்வது?

ஒரு முறையைத் தெரிவு செய்யும் முன் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு:

1. தேவைகள் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன? சம்பளக் கணக்குப் போல் விதிகள் நிலையாக இருந்தால் நீர்வீழ்ச்சி மாதிரி போதும். தெளிவில்லையெனில் மூலவகை அல்லது அஜைல்.

2. பிழை நேர்ந்தால் யார் பாதிக்கப்படுவார்? உயிரும் மானமும் சம்பந்தப்பட்டால் ஒவ்வொரு படியிலும் எழுத்தும் சோதனையும் வேண்டும்.

3. தாமதித்தால் என்ன நட்டம்? காலம் கடந்தால் பயனற்றுப் போகும் வேலையைச் சிறு பகுதிகளாகக் கொடுக்க வேண்டும்.

4. பாவனையாளர் எம்முடன் இருப்பாரா? அவர் நேரம் தராவிட்டால் அஜைல் பெயரளவில்தான் இருக்கும்.

எமது நூலகத்தை இக்கேள்விகளில் வைத்துப் பாருங்கள். தேவை ஓரளவு தெளிவு. பிழை விட்டால் ஒரு புத்தகம் தவறலாம், உயிராபத்து இல்லை. அவசரமும் இல்லை. நூலகருக்கு நேரம் குறைவு. எனவே ஒரு மூலவகையைக் காட்டிக் கருத்தறிந்து, தேவைகளை எழுதி, பிறகு இரண்டு மூன்று பகுதிகளாகக் கொடுப்பது பொருத்தம். முறைகளைக் கலப்பது தவறல்ல. நடைமுறையில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மாணவிகளுக்கும் பெற்றோருக்கும்

மாணவிகளே, பாடச் செயற்றிட்டம் செய்யும்போது இதைப் பரீட்சித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் எழுதி முடித்துக் கடைசி நாளில் ஆசிரியரிடம் காட்டாமல், முதல் வாரத்திலேயே ஒரு திரையைச் செய்து, அதைப் பாவிக்கப் போகிறவரிடம் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பேசாமல் கவனியுங்கள். பரீட்சையிலும் "அஜைல் சிறந்தது" என்று மட்டும் எழுதாமல், எந்தச் சூழலுக்கு, ஏன் என்று எழுதுங்கள். காரணம் சேர்ந்தால்தான் விடை நிறைவுபெறும்.

பெற்றோருக்கும் இதில் பயனுண்டு. கடைக்கோ மருந்தகத்துக்கோ மென்பொருள் செய்விக்கும்போது, முதலாவது பகுதியை எப்போது கண்ணால் காணலாம், பின்னர் மாற்றம் கேட்டால் செலவு எப்படி என்று முதலிலேயே கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்துவிட்டு முடிவில் பார்ப்பதைவிட, பகுதி பார்த்துப் பகுதி கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது.

கணினித் துறை என்றால் கணிதம் மட்டும்தான் என்று நினைத்துப் பிள்ளைகளைத் தடுக்கவும் வேண்டாம். மேலே சொன்ன முறைகள் எல்லாவற்றிலும் பொறுமையாகக் கேட்டறிவது, கேட்டதைத் தெளிவாக எழுதுவது, குறை சொன்னால் கோபிக்காமல் திருத்துவது என்பன பெரும் பங்கு வகிக்கின்றன. இத்திறன்கள் எமது பிள்ளைகளிடம் நிறையவே உண்டு. நாளை இன்னோர் அனர்த்தம் வந்தால், எமது மொழியிலும் எமது பெயர்களிலும் தேடத் தெரிந்த மென்பொருளை எழுத எமது ஊரைத் தெரிந்தவர்கள் தேவை. அவர்களில் சிலர் இன்று இக்கல்லூரியின் வகுப்பறைகளில் இருக்கலாம்.